அருளப்பு அத்தானின் காற்றுப் பெட்டி

அருளப்பு அத்தானை யாராவது நல்ல மனிதர் என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். நல்ல மனிதர்தான், அதில் சந்தேகமில்லை. என் அக்கா மரியநாயகியைக் கட்டிய நாளிலிருந்து அவளை ஒரு தரமும் அதட்டியதில்லை. பிள்ளை இல்லை என்று ஊர் முணுமுணுத்தபோது அக்காவுக்காக ஊரோடு சண்டைக்குப் போனவர். ஆனால் அந்த நல்ல குணம் அக்காவுக்கு என்ன செய்தது என்பது, அவளைக் கடைசியாக மடியில் வைத்திருந்த எனக்குத்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, எங்கள் தீவில் இருக்கிற நாரந்தனையில் அவர் வாடகைக்குக் கார் ஓடினார். உண்மையில் அவர் கடலுக்குப் போயிருக்க வேண்டியவர். அவருடைய தகப்பன் சந்தியோகு ஊர்காவற்றுறையில் பாய் வத்தை என்கிற சரக்குப் படகு வைத்திருந்து, புகையிலையும் சீமெந்தும் ஏற்றி இறக்கியவர். மகனோ வத்தையில் ஏறினால் துறை மறையும் முன்பே தின்றதெல்லாம் சத்தி எடுத்துவிடுவார். இது எனக்குப் பிறந்தது இல்லை என்று தகப்பன் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டு, ஒரு லொறியில் கிளீனராகச் சேர்த்துவிட்டார். அப்படிப் படிப்படியாக வந்து, ஒரு பழைய ஒஸ்ரின் ஏ40 காரை வாங்கி, கலியாண வீட்டுக்கும் ஞானஸ்நானத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு அத்தான் காலத்தை ஓட்டினார்.

கடலை விட்டாலும் கடற்காரரின் பழக்கம் அவரை விடவில்லை. காலையில் எழும்பினால் முகம் கழுவ முதல் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். எங்கள் தீவில் இதில் புதினம் ஒன்றும் இல்லை. வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று வீசும். யாழ்ப்பாணம் போகிறவனுக்கு அது முதுகில் அடிக்கும், திரும்பி வருகிறவனுக்கு முகத்தில் அடிக்கும். வேலணையைத் தாண்டிக் கடலுக்கு நடுவே போகிற பண்ணை வீதியில் சைக்கிள் ஓடிய எவரும் இதை மறக்க மாட்டார்கள். போகும்போது மிதிக்கத் தேவையில்லை, வரும்போது நெஞ்சு வெடிக்கும். அத்தானுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித் தரத் தேவையில்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியதோடு பெற்றோல் வருவது நின்றது. அந்த ஆவணியில் ஆமி தீவில் இறங்க, நாங்கள் கட்டிய துணியோடு ஓடினோம். ஆமி விலகிய பிறகு திரும்பி வந்தபோது ஊரில் பாதிப் பேர் இல்லை. டொக்டர் இல்லை, ஒட்சிசன் இல்லை, பஸ்ஸும் ஒழுங்காக இல்லை. மிஞ்சிய கார்களில் கோழி முட்டை இட்டது. ஓடக்கூடிய நிலையில் எங்கள் பக்கத்தில் நின்றது அத்தானுடைய கார் ஒன்றுதான். அதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது.

மண்ணெண்ணெயில் கார் ஓடுவதைப் பார்க்காதவர்களுக்கு அது விளங்காது. முதலில் மருந்துப் போத்தலில் பத்திரமாக வைத்த பெற்றோலைக் காபரேற்றரின் வாய்க்குள் கொஞ்சம் பீச்சி அடிக்க வேண்டும். அந்தச் சூட்டில் எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பிறகு அது இருமி இருமி, கறுப்புப் புகை கக்கி, மாட்டு வண்டிலை விடக் கொஞ்சம் விரைவாகப் போகும். நடுவழியில் நின்றால் பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்துத் திரும்பவும் பீச்சி அடிக்க வேண்டும். அக்காவுக்கு முட்டு வருத்தம் சின்ன வயதிலிருந்தே உண்டு. மூச்சு இழுக்கத் தொடங்கினால் தோள் இரண்டும் காது வரை ஏறும். ஊர்ப் பெடியள் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, அருளப்பு அண்ணை வீட்டில் மனுசிக்கும் காருக்கும் ஒரே வருத்தம் என்று பகிடி பண்ணினார்கள்.

அந்தப் பகிடி தொண்ணூற்றொன்று வைகாசியில் முடிந்தது. ஒரு நாள் அக்காவுக்கு முட்டு கடுமையாக இழுக்க, அத்தான் அவளைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். வழியில் கார் நின்றது, திரும்பவும் நின்றது. புகை உள்ளே வந்து அக்காவின் மூச்சை இன்னும் அடைத்தது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இறக்கும்போது அவளுடைய நகம் நீலமாகிவிட்டிருந்தது. தப்பினாள். ஆனால் இனி இப்படி வந்தால் சுணங்கக் கூடாது, பிந்தி வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய ஏலாது என்று டொக்டர் அத்தானிடம் நேரே சொன்னார்.

அக்காவின் கட்டிலருகே நின்றபோதுதான் அத்தானுக்கு அந்த யோசனை வந்தது. நேர்ஸ் அவளுடைய முகத்தில் மூடியை வைத்துக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தானாக இழுக்க முடியாத ஆளுக்கு வெளியில் இருந்து தள்ளிவிட்டால் மூச்சு வருகிறது. அப்படியென்றால் காருக்கும் தள்ளிவிடலாம் என்று அவர் நினைத்தார். மண்ணெண்ணெய் கனமான எண்ணெய், அது ஒழுங்காக எரிய நிறையக் காற்று வேண்டும், எஞ்சினால் அவ்வளவையும் இழுக்க முடியவில்லை, அதுதான் புகையும் இருமலும் என்று எனக்கு விளக்கம் சொன்னார். அத்தானிடம் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருக்கும்.

பெரிய பிஸ்கற் தகரம் ஒன்றை எடுத்துக் காபரேற்றரின் வாயை மூடினாற்போல் பொருத்தினார். பால்மா ரின்களின் அடியை வெட்டி ஒன்றோடொன்று ஒட்டிக் குழாய் செய்து, அந்தத் தகரத்தில் இருந்து காரின் முன்பக்கம் வரை கொண்டுபோனார். முன்னுக்கு, மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி விரித்து, இரண்டு கையையும் ஏந்தினாற்போல ஒரு வாய் வைத்தார். தூசு போகாமல் அக்காவின் பழைய வொயில் சேலையில் ஒரு துண்டைக் கட்டினார். கார் போகப் போக எதிர்க்காற்று அந்த வாயில் ஏறி, குழாயால் போய், எஞ்சினுக்குள் தள்ளப்படும். இதுதான் அவருடைய காற்றுப் பெட்டி. முதல் செய்தது பள்ளத்தில் விழுந்து கழன்று போனது. அடுத்தது விசிறியில் முட்டி நசிந்தது. பிறகும் விடாமல் செய்தார். குசினிக்குள் இருந்த ரின் எல்லாம் முற்றத்துக்குப் போய்விட்டது, அவர்களோடு இருந்து சமைத்த எனக்குச் சீனி போட்டு வைக்க ஒரு பாத்திரம் இல்லை.

பக்கத்து ஊரான சுருவிலில் லொறி வைத்திருந்த தம்பிஐயா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, காருக்குத் தும்பிக்கை வைத்தாயிற்று, இனி மாலையும் போட்டுத் திருவிழாவுக்கு விடுங்கோ அண்ணை என்று சொல்லிச் சிரித்தார். அத்தானும் சிரித்தார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எனக்கும் ஒரு தும்பிக்கை செய்து தரச் சொல்லிக் கேட்டாள். அவளுக்கு நல்ல சுகம் இருந்த நாட்கள் அவை.

இங்கேதான் அவருடைய நல்ல குணம் வருகிறது. ஊரில் யாருக்காவது கடுமையான வருத்தம் வந்தால் மட்டுமே கார் வெளிக்கிடும், வேறு ஓட்டத்துக்கு எண்ணெய் இல்லை. போகும்போது பெட்டியைக் கழற்றிப் பின்னால் போட்டுக்கொண்டு, பழையபடி இருமி இருமித்தான் ஓடுவார். ஆட்களை ஆஸ்பத்திரியில் இறக்கிய பிறகு, யாழ்ப்பாணக் கரையில் பண்ணை வீதி தொடங்குகிற இடத்தில் காரை நிறுத்திப் பெட்டியைப் பூட்டி, ரியூப் றபரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வெறும் காரோடு வீட்டுக்கு வருவார். சோதனை எல்லாம் வரும் வழியில்தான். அவர் வந்து இறங்கும்போது முகம் கலியாண வீட்டுக்குப் போய் வந்தவர் முகம் போல இருக்கும். புகை இல்லை, இருமல் இல்லை, சோளகத்துக்கு எதிரே பெற்றோல் காலத்தில் ஓடியது போல ஓடியது என்று அக்காவிடம் சொல்லுவார்.

போகும்போதும் ஒரு தரம் பூட்டிப் பார்த்தால் என்ன என்று நான் கேட்டேன். சும்மா ஒரு கதைக்குத்தான் கேட்டேன்.

"வருத்தக்காரரை ஏத்திக்கொண்டு சோதனை செய்யிறது பாவம், ஜசிந்தா. இடையில நிண்டா ஆர் பதில் சொல்லுறது? மற்றது, போகேக்க சோளகமே பின்னால நிண்டு தள்ளிவிடும். எதிர்க்காத்தில ஓடுற பெட்டி பின்காத்தில ஓடாதோ?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. சைக்கிள் ஓடுகிற, வத்தை ஓடுகிற, எங்கள் தீவில் பிறந்த எவரிடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கஷ்டமான பக்கத்தில் வென்றவனுக்குச் சுகமான பக்கம் எம்மாத்திரம்.

ஆடி நடுவில் பெட்டி சரி என்று அவருக்குத் திருப்தி வந்தது. சிரட்டைக் கரியில் இரும்பைக் காய்ச்சி, எல்லாப் பொருத்தையும் ஈயத்தால் ஒட்டினார். ரியூப் றபரை வீசிவிட்டார். இனிக் கழற்றத் தேவையில்லை, மரியநாயகிக்கு எப்போது வந்தாலும் நாங்கள் ஆயத்தம் என்று சொல்லிப் பொனற் மூடியைச் சாத்தினார்.

அடுத்த கிழமையே வந்தது. ஒரு நாள் காலமை அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் குந்திவிட்டாள். நான் ஓடிவரும்போது தோள் காதுவரை ஏறியிருந்தது. ஆனையிறவுப் பக்கம் ஷெல் வெடிக்கிற சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள். அத்தான் பதறவில்லை. எனக்கு அதுதான் ஞாபகம். முந்தின முறை சாவியைக் கீழே போட்ட மனிதர், இந்த முறை ஆறுதலாக அக்காவைத் தூக்கிப் பின் சீற்றில் என் மடியில் சாய்த்தார்.

"இந்த முறை நீர் புகையில இருமாமல் போவீர்," என்றார்.

"என்னை வைச்சோ சோதனை?" என்று அக்கா இழுப்புக்கு நடுவே கேட்டாள்.

"சோதனை முடிஞ்சுது."

வேலணை வரைக்கும் அவர் சொன்னது போலத்தான் நடந்தது. பனையும் வேலியும் காற்றை மறித்தன, சில இடங்களில் காற்று பக்கத்தால் அடித்தது, கார் நன்றாக ஓடியது. அக்காவும் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள். அத்தான் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்து ஓடினார்.

பண்ணை வீதியில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். மறைப்பு ஒன்றும் இல்லை. ஆடிச் சோளகம் முழுப் பலத்தோடு பின்னால் இருந்து அடித்தது. வீதி முழுக்கக் குழி என்பதால் கார் மெதுவாகத்தான் போனது, காற்றும் அதே வேகத்தில் எங்களோடு வந்தது. கொஞ்சத் தூரத்தில் எஞ்சின் அடைபட்டது போல முனகியது. பிறகு புகை. அது பின்னுக்குப் போகவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனது. கண்ணாடியை ஏற்றினேன், அக்கா காற்று வேண்டும் என்று கையைக் காட்டினாள். இறக்கினேன், புகை அவளுடைய முகத்தில் வந்து விழுந்தது. அத்தான் கியரை மாற்றினார், திரும்ப மாற்றினார். யாழ்ப்பாணக் கரையில் கட்டிடங்கள் தெரிகிற இடத்தில் கார் நின்றுவிட்டது.

அவர் இறங்கிப் பொனற்றைத் திறந்து பிளக்குகளைக் கழற்றினார். எல்லாம் கரி. துடைத்துப் பூட்டி, பெட்டியின் வாயால் பெற்றோலைப் பீச்சி அடித்துக் கைபிடியைப் போட்டுச் சுழற்றினார். பிடித்தது. ஒரு மூச்சு ஓடி நின்றது. திரும்பவும் கழற்றினார். ஒரு பெடியன் சைக்கிளில் வந்தான். அவனிடம் உதவிக்கு யாரையாவது அனுப்பச் சொன்னோம். அவன் பெடலில் கால் வைக்கவே இல்லை, சோளகம் அவனை யாழ்ப்பாணம் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அப்போது ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பழைய நாளில் இவ்வளவு மோசமாக இந்தக் கார் நின்றதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"அத்தான், அந்தப் பெட்டியை உடைச்சு எறியுங்கோ," என்றேன்.

"அதில பிழை இல்லை. அது இல்லாட்டி இவ்வளவு தூரமும் வந்திருக்க மாட்டம்." என் மேல் அவர் கத்தியது அன்றைக்குத்தான். "எண்ணெயிலதான் ஊத்தை. நீ அவளைப் பார்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவளுடைய உதடு கறுத்திருந்தது. ஆஸ்பத்திரி தெரிகிறதோ என்று கேட்டாள். தெரியுது அக்கா, கிட்டத்தான் என்றேன். அது பொய்யும் இல்லை. நடந்து போகிற ஒருவன் கொஞ்ச நேரத்தில் போய்விடுவான். அவள் என் கையைப் பிடித்திருந்தாள், அந்தப் பிடி இறுகி, பிறகு இறுக்கம் போய்விட்டது. நான் கூப்பிட்டேன். அவளுடைய கன்னத்தில் தட்டினேன். அத்தான் அப்போது கடைசிப் பிளக்கைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்ன பிறகும் அவர் அதைப் பூட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். வந்து அவளுடைய நெற்றியில் கை வைத்தார். கையெல்லாம் கரி, அந்தக் கரி அவளுடைய நெற்றியில் பட்டுவிட்டது, அதைத் துடைக்கத் துடைக்க இன்னும் பரவியது.

சைக்கிள் பெடியன் இரண்டு மீன்காரரைக் கூட்டிக்கொண்டு காற்றுக்கு எதிரே மிதித்து மூச்சு வாங்க வந்தபோது செய்ய ஒன்றும் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் என்ன பயன், வீட்டுக்குப் போவோம் என்றேன். அவர்கள் எல்லோரும் சேர்ந்து காரைத் தள்ளித் தீவுப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அத்தான் மிச்சமிருந்த பெற்றோலைப் பீச்சிவிட்டுக் கைபிடியைப் போட்டார். ஒரே சுழற்று. எஞ்சின் பிடித்தது.

அது ஓடிய ஓட்டத்தை நான் என்னவென்று சொல்லுவேன். ஒரு இருமல் இல்லை. ஒரு துளிப் புகை இல்லை. சோளகம் நேரே முகத்தில் அடித்தது, கண்ணாடியால் குளிர்ந்த சுத்தமான காற்று உள்ளே வந்து அக்காவின் தலைமயிரைக் கலைத்தது. வேலணைக் கரையில் ஏறுகிற இடத்தில் அத்தான் காரை நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை. இறங்கி முன்னுக்குப் போய், அந்தத் தகர வாயின் முன்னால் உள்ளங்கையை வைத்தார். காற்று அடித்துக்கொண்டிருந்தது. கையால் வாயை மெல்ல மறைத்தார். எஞ்சின் முனகியது, புகை வந்தது. கையை எடுத்தார், புகை நின்றது. பிறகு திரும்பி, நாங்கள் வந்த வழியைப் பார்த்தார்.

அவருக்கு விளங்கிய அதே நேரத்தில் எனக்கும் விளங்கியது. பெட்டி வெளிக்காற்றை வாங்குவதற்குச் செய்தது. காற்று எங்களோடு சேர்ந்து வந்தால் அந்த வாய்க்கு வாங்க ஒன்றுமில்லை, அவ்வளவு நீளக் குழாயாலும் சேலைத் துணியாலும் எஞ்சினால் தானாக இழுக்கவும் ஏலாது. மற்ற எல்லாப் பக்கத்தையும் ஈயம் போட்டு அடைத்திருந்தார். பழைய கார் என்றால் புகைந்து புகைந்தாவது போய்ச் சேர்ந்திருக்கும். அவரைத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அவர் பொனற்றைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார், நான் குனிந்து அக்காவின் கலைந்த தலைமயிரை ஒதுக்கிவிட்டேன்.

அடுத்த நாள் அடக்கம் முடிந்தது. சுவாமியார் போய்விட்டார், சனமும் கலைந்தது. முற்றத்தில் காருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு அத்தான் இருந்தார். தம்பிஐயா மட்டும் போகாமல் நின்றார். முந்தின நாள் நாங்கள் திரும்பி வரும்போது அவர் வேலணைச் சந்தியில் நின்றிருக்கிறார், உள்ளே அக்காவைக் கிடத்தியிருந்தது அப்போது அவருக்குத் தெரியாது. கிட்டப் போய், தலையைச் சொறிந்துகொண்டு, மெல்லக் கதைத்தார்.

"அண்ணை, இந்த நேரத்தில கேக்கிறது சரியில்லைத்தான். நேற்று நீங்கள் வந்த வேகத்தைப் பாத்தனான். உப்பிடி ஒரு வாகனம் இப்ப தீவில இல்லை. எங்கட லொறிக்கும் உது மாதிரி ஒண்டு செய்து தர ஏலுமோ?"

அத்தான் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை.

"ஓம், நல்லாத்தான் ஓடும், தம்பிஐயா," என்றார். "வெறும் காராய் வாற வழிக்குத்தான் நான் அதைச் செய்திருக்கிறன். அவளைக் கொண்டுபோற வழிக்கு ஒண்டும் செய்யேல்லை."